சீர்காழி தந்த நூலக மேதை

நம் கல்லூரி நூலகத்திற்குக் கணிப்பொறி முதலில் வந்தது. அதை இயக்கும் பயிற்சி பிறகுதான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அது உறைக்குள் உறங்கியதைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வந்தவர், நூலகத் தந்தை சீ. இரா. அரங்கநாதன்.

1892இல் சீர்காழியில் பிறந்த அவர், நம்முடையது போன்ற அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர் அரவமற்ற அந்தத் தனிமை சில நாட்களிலேயே கசந்துவிட்டது. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். இலண்டன் சென்று பயின்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பயிற்சி அவரை முழு நூலகராக்கிற்று. அங்கே ஒரு கடையில், ஒரே துண்டுகளைப் பலவாறு பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்வதைக் கண்டார். அதில் அரும்பிய எண்ணமே 1933இல் கோலன் பகுப்பு முறையாக மலர்ந்தது.

கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், 1929இல் சென்னையில் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கினார். எழுபது வயதை எட்டிய 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் மறைந்தார்.

இன்று நம் நூலகர் நாம் கேட்கும் நூலைத் திரையில் நொடியில் தேடித் தருகிறார். அடுத்த கருவி வாங்கும்போதே அதற்கான பயிற்சிக்கும் வழிசெய்தால், அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.