சக்கரத் தச்சரின் மகன் கேட்ட வோல்ட்

கோமான் வீட்டுக் குழந்தையல்ல; கொழுத்த செல்வத்தில் புரண்டவருமல்ல. நியூசிலாந்தில் வண்டிச் சக்கரம் செய்தும் நிலத்தில் உழைத்தும் குடும்பம் காத்த ஒரு தந்தையின் 12 பிள்ளைகளில் ஒருவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. பிறந்தது 1871-இல். உதவித்தொகை கிடைத்ததால்தான் 1895-இல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போக முடிந்தது. அதுவும் முதலில் வேறொருவருக்குப் போன தொகை; அவர் வேண்டாமென்றதால் இவருக்கு வந்தது! 1908-இல் நோபல் பரிசு. 1911-இல் அணுவுக்குள் கரு உண்டென்று காட்டினார்.

அந்தக் கருவைத் தட்டிப் பார்க்க அவர் கையிலிருந்த சுத்தியல் எது தெரியுமா, தோழர்களே? ரேடியம் தானாக உமிழும் ஆல்பாத் துகள். இயற்கை தந்த வேகத்துக்கு மேல் இம்மியும் கூட்ட முடியாது. துகள்களும் சொற்பம்.

மின்சாரத்தின் கணக்கு வேறு. விழும் உயரத்துக்கேற்ப நீர் விசை பெறுகிறதல்லவா? அதுபோல, மின்னேற்றமுள்ள துகள் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது ஆற்றல் பெறுகிறது. எலக்ட்ரான் ஒன்றின் ஏற்ற அளவுள்ள துகள் ஒரு வோல்ட் கடந்தால் ஓர் எலக்ட்ரான் வோல்ட். லட்சம் கடந்தால் லட்சம். ஏற்றம் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். பாதையின் நீளமோ, துகளின் எடையோ இந்தக் கணக்கில் இல்லை. கூட்டுவதும் குறைப்பதும் மனிதன் கையில்!

1927-இல் ராயல் சொசைட்டியின் தலைவராக நின்று ரூதர்போர்டு கேட்டது இதைத்தான்: ரேடியத்தை மிஞ்சும் துகள்களை ஏராளமாய்த் தரும் பொறி. ரேடியத் துகளுக்கோ 70 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல். அத்தனை வோல்ட்டைத் தாங்கும் குழாய்க்கு எங்கே போவது? 1928-இல் காமோவ் கணக்கிட்டுக் காட்டினார்: சில லட்சம் வோல்ட்டிலேயே சிற்சில துகள்கள் கருவுக்குள் நுழைந்துவிடும்.

மின்பொறி ஆலையில் பயிற்சி பெற்ற காக்கிராஃப்டும் இளைஞர் வால்ட்டனும் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இறங்கினர். பெட்ரோல் பம்புகளின் கண்ணாடி உருளைகளை அடுக்கினர். பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண் பசையால் சந்துகளை அடைத்தனர்! 1932 ஏப்ரல் 14. புரோட்டான்கள் லிதியத்தின் மேல் பாய்ந்தன, அணு பிளந்தது. பருத்த உடலைக் குறுக்கிக்கொண்டு சின்னஞ்சிறு கூண்டுக்குள் அமர்ந்து, திரையில் தெறித்த ஒளிப்பொறிகளைப் பார்த்தார் ரூதர்போர்டு. இரண்டு ஆல்பாத் துகள்கள்! உள்ளே போனது சில லட்சம் எலக்ட்ரான் வோல்ட். வெளியே வந்ததோ 1 கோடியே 70 லட்சம்.

கொள்ளை லாபமல்லவா? இல்லை. கோடிக்கணக்கில் எறிந்தால்தான் ஒன்று தைக்கும், மற்றவையெல்லாம் வீண். ஆகவே, அணுவிலிருந்து தொழிலுக்கு ஆற்றல் எடுப்பது நடவாது என்று 1933-இல் அடித்துக் கூறினார். அங்கேதான் மேதையும் இடறினார். யுரேனியம் பிளவுபடுவதை ஜெர்மனியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டது 1938 டிசம்பரில். அதற்குள் அவர் மறைந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.