உரிமையைச் சட்டமன்றம் ஏற்றிய இரட்டைமலை சீனிவாசன்

இன்று புஜைராத் துறைமுகத்திலும் கட்டட வேலைத் தலங்களிலும் உழைக்கும் எம்மவர், கடல் கடந்து பிழைப்புத் தேடிய முதல் தலைமுறையினர் அல்லர். நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அயல்நாட்டில் ஊழியம் புரிந்து, தாயகம் மீண்டு, தம் மக்களின் உரிமைக்காக வாதாடிய ஒருவரை இங்கு நினைவுகூர்கின்றோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கற்பட்டுப் பகுதியில் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் கல்வி கற்ற காலத்தில், தம் குலம் தெரிந்துவிடுமோ என அஞ்சி, உடன் பயின்றோரோடு விளையாடாது விலகியே நின்றார். அவ்வாறு அஞ்சிய அவரே 1893இல் தம் குலத்தின் பெயரையே தலைப்பாக்கி, ‘பறையன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். மறைக்கச் செய்த பெயரை நிமிர்ந்து நின்று உரைக்கும் பெயராக்கினார்.

பின்னர் தென்னாபிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். தாயகம் திரும்பிய பின் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1924இல் அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. பொது வீதி, கிணறு, குளம், அரச அலுவலகம் ஆகியவை எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்பதே அதன் சாரம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். 1945இல் காலமானார். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்ததை அவர் காணவில்லை.

சட்டம் எழுதப்பட்டதும் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை என்பதை நாமும் அறிவோம். இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எம்மவர் போராடவே நேர்ந்தது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டம், தனியார் துறை வேலையில் இனம், நிறம், பால், மதம், தேசியம், சமூகப் பின்னணி, உடற்குறைபாடு ஆகியவற்றின் பேரால் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. இதனைப் புஜைராவிலுள்ள எம் தொழிலாளர் எத்தனை பேர் அறிவர்? அறிந்தோர் அறியாதோர்க்குத் தமிழில் எடுத்துரைப்பது கடமையாகும். நேட்டால் நீதிமன்றில் சீனிவாசன் ஆற்றிய பணியும் அத்தகையதே அன்றோ!