உரோமையில் படித்தவர், வடக்கன்குளத்தில் கற்றவர்

சென்ற பருவத்தில் ஒரு விண்ணப்பப் பாரம் என் கைக்கு வந்தது. ஓராண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயில்வதற்கான மாணவர் பரிமாற்றத் திட்டம். சுங்கை பாக்காப்பில் பிறந்து, பாலத்தைக் கடந்து தீவுப் பக்கம் போவதையே பெரிய பயணமாக நினைத்து வளர்ந்தவனுக்கு அந்தப் பாரமே ஒரு விமானம் மாதிரி இருந்தது. தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம். மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் 'மிக நன்று' என்று தயங்காமல் எழுதினேன். தமிழுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்பு என்பது மற்ற பாடங்களெல்லாம் முடிந்து, பேருந்து புறப்படுவதற்கு முன் கிடைக்கும் நேரம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எடுத்தேன், இலக்கியம் எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் நானேதான். கடைசியில் அந்தக் கட்டத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டு வந்தேன். எழுதியது உண்மைதானா என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. அந்த நாள்களில்தான் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது.

அவர் பெயரை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். உலகத் தமிழ் மாநாடு என்றதும் மேடையில் இரண்டு முறையாவது சொல்வார்கள். ஆனால் அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு என்பதையும், அதற்கு முன்பே உரோமாபுரியில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார் என்பதையும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

1913 ஆகஸ்ட் 2ஆம் நாள், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் பிறந்தவர். இளமையில் அவர் பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்ற பெயர் பிற்காலத்தில் சேர்ந்தது. ஊர்ப் பள்ளிக்குப் பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. அக்காலத்துப் பெரிய கல்லூரிகளில் ஆங்கிலமே பாடமொழி. 1931இல் குருத்துவப் படிப்புக்காகக் கொழும்பு சென்றார். 1934இல் உரோமைக்கு அனுப்பப்பட்டார்.

அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. உர்பான் கல்லூரி என்பது உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் குருமாணவர்கள் வந்து சேரும் இடம். முசோலினியின் ஆட்சிக் காலம் வேறு. அங்கே ஐந்தாண்டுகள் இருந்தார். 1938இல் குருவானார். அவருடைய ஆய்வுப் பொருளைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: மூன்றாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சிப்ரியான் ஆயராக இருந்த காலத்துக் குருக்களைப் பற்றியது. தமிழுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசு என்று அவர் கைக்கு மொழிகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

ஆனால் அதே உரோமையில்தான் தமிழ் மாணவர்கள் சேர்ந்து வீரமாமுனிவர் கழகம் என ஒன்றை அமைத்தார்கள். அதில் முன்னின்றவர் இவர். வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். தமிழகம் வந்து புலவர்களிடம் பாடம் கேட்டு, தேம்பாவணி எழுதிச் சதுரகராதியும் தொகுத்தவர். அவர் பிறந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் இளைஞன் அவர் பெயரால் கழகம் நடத்துகிறான். அந்த இளைஞனுக்குச் சங்க இலக்கியப் பயிற்சி இல்லை. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் பேரவை நிகழ்வுகளில் திருக்குறளை உரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்த நண்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

1939இல் படிப்பு முடிந்தது. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றத் தமிழகம் வந்தார். 1940 முதல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில், புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் வேலை. அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழாசிரியர் இருந்தார். அடிகளார் அவரிடம் மாணவராக அமர்ந்தார். பகலில் தமக்குக் கீழே பணிபுரியும் ஆசிரியரிடம், மற்ற நேரத்தில் பாடம் கேட்பது எல்லாராலும் ஆகிற காரியமில்லை. அதுவும் உரோமையில் முனைவர் பட்டம் பெற்று வந்தவர்! ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தப் படிப்பு நடந்தது.

அதோடும் விடவில்லை. 1945இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டு. வகுப்பில் உடன் அமர்ந்தவர்களில் பலர் அவரைவிடப் பத்து வயது இளையவர்களாக இருந்திருப்பார்கள். அறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரிடம் பயின்றார். முதுகலைக்குப் பின் இலக்கிய முதுவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சங்கப் பாட்டில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணையை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். அவர் அதைக் கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிலத்தையும் மனத்தையும் சேர்த்து இலக்கணமாகவே வகுத்துக்கொண்ட ஒரு கவிதை மரபு எவ்வளவு அரியது என்பது, மற்றவற்றைப் படித்தவர் கண்ணுக்குத்தான் உடனே பட்டது. உரோமையில் கற்ற இலத்தீன் வீண்போகவில்லை.

1949, 50ஆம் ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பயணம் செய்து தமிழைப் பற்றிப் பேசினார். 1952இல் 'தமிழ்க் கலாச்சாரம்' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கினார். தமிழறியாத ஆய்வாளரும் தமிழாய்வைப் படிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிந்த மொழியில்தானே எழுதவேண்டும்? இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த காலத்தில், மீண்டும் மாணவராகி இலண்டன் சென்றார். 1955 முதல் 57 வரை அங்கே படித்துப் பண்டை இலக்கியங்களில் கல்விச் சிந்தனை குறித்து இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றார்.

ஐரோப்பா செல்லும்போதெல்லாம் அவர் கால்கள் நூலகங்களுக்கே போயின. அந்தோ தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசு அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைத் தேடி எடுத்து, 1966இல் கோலாலம்பூரில் படப்பதிப்பாக வெளியிட்டார். வெளியிட்டது நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை. 1961இல் அத்துறைக்குத் தலைவராக வந்தவர் அவர்தான்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவர். செயலாளர்கள் இருவரில் ஒருவர் செக் நாட்டுக் கமில் சுவலபில், மற்றவர் அடிகளார். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. துங்கு அப்துல் ரகுமான் திறந்து வைத்தார். தோட்டப் பாட்டாளிகளின் மொழி என்று இந்நாட்டில் பலர் நினைத்திருந்த ஒன்றுக்காக ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பேராசிரியர்கள் வந்திறங்கியதை, வால்டோர் தோட்டத்துப் பக்கம் பால் மரம் சீவிக்கொண்டிருந்த என் தாத்தா அறிந்திருந்தாரா தெரியவில்லை. கேட்க அவர் இல்லை.

அடுத்து 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ். 1969இல் அடிகளார் மலேசியாவை விட்டுச் சென்றார். நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்து, இறுதி நாளில் உயிரிழப்புகளோடு முடிந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அடிகளார் யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது அறுபத்தேழு. நான்கு மாதம் கழித்து மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியது. ஆறாவது 1987இல் திரும்பவும் கோலாலம்பூருக்கு வந்தது. ஒன்பதாவது 2015இல், மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன். யு.பி.எஸ்.ஆர். பயிற்சிப் புத்தகத்தில் இனியவை கூறல் அதிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கோலாலம்பூரில் அப்படியொன்று நடப்பது எனக்குத் தெரியாது.