லாவண்டர் தொட்டியில் கையை விட்டாரா? அரோமாதெரபிக்குப் பெயர் வைத்தவரின் கதை

அரோமாதெரபி பற்றிப் படித்தவர்கள் இந்தக் கதையைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஆய்வகத்தில் கை வெந்துபோன ஒரு பிரெஞ்சு வேதியியலாளர், பக்கத்திலிருந்த லாவண்டர் எண்ணெய்த் தொட்டியில் கையை முக்கினாராம். வலி பறந்து, தழும்பில்லாமல் ஆறியதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, நடந்தது இதைவிடக் கொடூரம்.

அவர் ரெனே மாரிஸ் கத்தஃபோசே. 1881-ல் பிரான்ஸின் லியோன் பகுதியில் பிறந்தவர். வாசனைப் பொருள் தயாரிப்பு குடும்பத் தொழில். 1910 ஜூலையில் ஆய்வகத்தில் வெடிவிபத்து. உடலில் பற்றிய தீயோடு வெளியே ஓடி, புல்தரையில் உருண்டு அணைத்தார். தொட்டியெல்லாம் கிடையாது. பிறகு கைப் புண்களில் கிருமி புகுந்து, உள்ளே வாயு உண்டாகி, சதை அழுகத் தொடங்கியது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். கை போகலாம், உயிரே போகலாம். அந்தப் புண்களைத்தான் லாவண்டர் எண்ணெயால் கழுவினார். அழுகல் நின்றதாக அவரே பின்னாளில் பதிவு செய்தார்.

எண்ணெய் என்ன செய்தது? அவர் பார்த்தது கிருமிநாசினியாக. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயன சிக்னல்கள் அப்போது யாருக்கும் தெரியாது. லாவண்டரில் அதிகம் இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட். பாக்டீரியாவின் உறைப்பொருளால் தூண்டிவிட்ட மேக்ரோஃபேஜ் செல்களில் லினலூலைச் சேர்த்தால், அவை வெளியிடும் அழற்சி சிக்னல்கள் குறைவதை இன்றைய ஆய்வகங்கள் காட்டுகின்றன. நீலகிரித் தைலத்தில் உள்ள சினியோலுக்கும் இதே மாதிரி முடிவுகள் உண்டு.

அப்படின்னா 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று பாட்டிலில் ஒட்டலாமா? அழற்சியைக் குறைப்பது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது ஆகாது. சில நேரம் நேர் எதிர். கிருமியோடு சண்டை போட உடம்புக்கு அழற்சி தேவை. தட்டில் வளர்த்த செல்மீது ஊற்றும் அளவு, முகர்ந்து பார்ப்பதால் ரத்தத்தில் சேரப்போவதுமில்லை. கத்தஃபோசேயின் அனுபவமும் ஒரே ஒருவரின் கைதான்; எண்ணெய் இல்லாமலே ஆறியிருக்குமா என்று ஒப்பிட ஆளில்லை.

அவர் கேட்டதும் ஸ்பா அல்ல, மருத்துவத்தில் இடம். 1937-ல் 'அரோமாதெரபி' என்ற அந்தப் புதுச் சொல்லையே தலைப்பாக்கிப் புத்தகம் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பெனிசிலின் வந்து களத்தைப் பிடித்துக்கொண்டது. 1950-ல் மொராக்கோவின் காசாபிளாங்காவில் இறந்தார். அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1993-ல். அதற்குள் தொட்டிக் கதை உலகம் சுற்றி முடித்திருந்தது.