சமையற்கட்டில் ஒரு சோதனைச்சாலை



மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு உயிரியல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் எனக்குப் பிடித்த பாடமே அதுதான். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுக்க ஆசை. ஆனா டிப்ளமோ முடிச்சா மூணே வருஷத்துல சம்பளம் வரும்னு எங்க வீட்டுல முடிவாச்சு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் நூலகத்தில் காமில்லோ கோல்கியின் வாழ்க்கையைப் படித்தேன்.

வட இத்தாலியில் மலைகளுக்கு நடுவே கோர்த்தேனோ என்ற சிற்றூர். அங்கே 1843 ஜூலை 7-ஆம் தேதி பிறந்தார். அவர் ஊர்க்காரர்கள் கோல்ஜி என்றுதான் உச்சரிப்பார்கள். அப்பா டாக்டர். மகனும் பாவியா பல்கலைக்கழகத்தில் 1865-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிட்சோசெரோ என்பவரிடம் மைக்ராஸ்கோப் வேலை பழகினார். குரு, சீடனைவிட வயதில் சின்னவர்! ஆராய்ச்சியில் மனசு ஒட்டிப் போச்சு. வருமானம்தான் இல்லை. அப்பாவின் வற்புறுத்தல் வேறு. 1872-ல், அபியாத்தேகிராஸோ ஊரில் தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டார்.

ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு வசதியும் கிடையாது. நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரியின் சின்ன சமையற்கட்டைச் சோதனைச்சாலையாக மாற்றிக்கொண்டார். மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். நூற்றில் ஒன்றிரண்டு நரம்புச் செல்கள் மட்டும் கிளை, வேர் எல்லாம் தெரிய முழுசாகக் கறுத்து நின்றன. எல்லாமே கறுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது! 1873-ல் இதை வெளியிட்டார். பாவியாவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். மலேரியாக் காய்ச்சல் முறை வைத்து வருவது ஏன் என்று 1885, 86-ல் ஆராய்ந்து சொன்னதும் இவர்தான்.

அவருடைய சாயத்தை வைத்தே ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், நரம்புச் செல்கள் தனித்தனி என்று காட்டினார். கோல்கியோ எல்லாம் ஒரே வலை என்று பிடிவாதமாக இருந்தார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மேடையிலேயே காஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார் கோல்கி. காஹால்தான் சரி. இவ்வளவு பெரிய மனுஷன் இப்படிச் செய்தாரே என்று எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருப்பது வேறொன்றுக்காக. 1898-ல், ஆந்தையின் சிறுமூளைச் செல்லுக்குள் வலை போல ஒன்றைப் பார்த்துச் சொன்னார். அது சாயம் போட்டதால் வந்த கோளாறு, அப்படி ஒன்று செல்லில் கிடையாது என்று பலபேர் பல வருஷம் வாதாடினார்கள். 1926 ஜனவரி 21-ல் அவர் இறந்தபோதும் வழக்கு தீரவில்லை. 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் கோல்கி உறுப்பு நிஜம் என்று உறுதியானது.

அது செய்யும் வேலை எனக்குச் சட்டென்று புரிந்தது. காரணம், எங்க அப்பா பார்சல் ஆபீஸில் லோடுமேன். செல் தயாரிக்கும் புரதங்கள் கோல்கியின் ஒரு பக்கம் வந்து இறங்குகின்றன. மறுபக்கம் பிரித்து, சின்னச் சின்னப் பைகளில் ஏற்றி அனுப்பப்படுகின்றன. சில பைகள் நிற்காமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். இன்சுலின் மாதிரிச் சரக்கு அப்படி இல்லை. செல்லின் ஓரத்தில் காத்திருந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறினால்தான் வெளியே விடப்படும். லைசோசோமுக்குப் போகிற நொதிகளுக்கு மானோஸ்-6-பாஸ்பேட் என்ற சீட்டு ஒட்டப்படும். இந்தப் பைகளின் போக்குவரத்தைக் கண்டுபிடித்ததற்காக ராத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013-ல் நோபல் கிடைத்தது.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், சீட்டு இல்லாட்டி சரக்கு எங்கே போகும் என்று கேட்டார். அவர் தொழிலில் அதுதானே முதல் கேள்வி! சீட்டு ஒட்ட முடியாத குறையோடு சில குழந்தைகள் பிறக்கின்றன, நொதிகள் வழி தவறிச் செல்லுக்கு வெளியே கொட்டிவிடும், உள்ளே குப்பை சேர்ந்துபோகும், பெரும்பாலும் சின்ன வயசிலேயே அந்தக் குழந்தைகள் இறந்துவிடும் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த இத்தாலி டாக்டர் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.