வைக்கோலும் ஜி. ஜி. பொன்னம்பலமும்

அல்வாயிலே 1901-இல் பிறந்து 1977-இல் மறைந்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களைப் பெரும் வழக்கறிஞரென்றே நாம் அறிவோம். கேம்பிரிட்ஜிலே அன்னார் கற்றது இயற்கை விஞ்ஞானமுமாம்.

மலையகத் தமிழர் குடியுரிமை இழந்த 1948-இல் அவர் கைத்தொழில் அமைச்சரானார். அதைக் கண்டித்துச் செல்வநாயகம் பிரிந்தார். அக்கண்டனம் நியாயமற்றதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நம் கிழக்கிலே வாழைச்சேனைக் கடதாசி ஆலை அவர் காலத்துத் திட்டமே.

சூடடித்தபின் நாம் எரித்துவிடும் வைக்கோலை எரிசோடாவிலே வேகவைத்தால், நார்களைப் பிணைத்துநிற்கும் இலிக்னின் கரைந்துபோம்; மிஞ்சும் நாரைக் குளோரீன் வெளுக்கும். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் இவ்விரண்டும் ஒருங்கே பிறக்கும். ஆனையிறவு உப்பளத்தின் அருகே பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலைக்கு அவர் வழிவகுத்த பொருத்தம் அதுதான்.

1953-இல் பதவி நீங்கினார். வாழைச்சேனையில் ஆலை ஓடத் தொடங்கியது 1956-இலே.