சென்னைக்கு நீர் தேக்கிய மேயர்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி, பியர்ஸ் நீர்த்தேக்கங்கள் நகராட்சிப் பொறியாளர்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. சென்னைக்கு மேற்கே பூண்டியில் உள்ள நீர்த்தேக்கத்திற்கோ ஒரு மேயரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

புதுக்கோட்டையை அடுத்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த சத்தியமூர்த்தி, இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னையில் படித்து வழக்கறிஞரானார். ஆனால், அவருக்குப் புகழ் தேடித் தந்தது நீதிமன்றம் அன்று, சட்டமன்றம். 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். அவர் தொடுத்த கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் ஆங்கில அதிகாரிகள் திணறினர். அவருடைய கருத்துகள் எல்லாமே காலத்துக்கு முந்தியவை அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முனைந்தபோது அதை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

1939இல் அவர் சென்னை மாநகராட்சியின் மேயரானார். அப்போது இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. சென்னை மக்களோ குடிநீருக்குப் பெரிதும் புழல் ஏரியையே நம்பியிருந்தனர். மழை பொய்த்தால் தட்டுப்பாடுதான். கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டி, கடலுக்கு ஓடும் மழைநீரைத் தேக்கலாம். ஆனால், அதற்கு ஆங்கில அரசின் ஒப்புதல் வேண்டும்.

அந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றவர் சத்தியமூர்த்தி. அந்த அரசிடமே போய்க் கேட்பதா என்று அவர் தயங்கியிருக்கலாம். அவர் தயங்கவில்லை. விடுதலைப் போராட்டம் வேறு, ஊருக்குத் தண்ணீர் வேறு என்று பிரித்துப் பார்த்தார். போர்க்காலச் செலவுகளுக்கு நடுவிலும் ஒப்புதல் பெற்றார். மேயர் பதவி அந்நாளில் ஓராண்டுக்குத்தான். அந்தக் குறுகிய காலத்திற்குள், 1940இல், ஆளுநர் ஆர்தர் ஹோப் அணைக்கு அடிக்கல் நாட்டினார்.

அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோதே சத்தியமூர்த்தி மீண்டும் போராட்டத்தில் இறங்கினார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது கைது செய்யப்பட்டு, தொலைவில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்தப் பயணத்தில் அவரது முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. உடல்நலம் குன்றிய அவர், 1943 மார்ச் 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார்.

அணை 1944இல் திறக்கப்பட்டது. அவருடைய அரசியல் மாணவரான காமராசர் பத்து ஆண்டுகள் கழித்து மாநில முதலமைச்சரானார். 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர் பெற்ற அந்த நீர்த்தேக்கத்திற்கு, இப்போது ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நதிநீரும் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது.